செய்தி வாசித்த முகம்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்து வீடுகளுக்கும் கொடைக்கானல் டவர் தயவில் ஷோபனா ரவி, ஃபாத்திமா பாபு எல்லோரும் வந்து போனார்கள். வாசித்த செய்தி மறந்திருக்கும். புடவையும் சுத்தமான ‘ழ’வும் மறந்திருக்காது உங்களுக்கு. புயலோ தேர்தலோ, முகத்தில் சொந்த அபிப்பிராயம் எட்டிப் பார்க்காது. லேசில் வராத வித்தை அது. (இன்றைய விவாதங்களில் நெறியாளரே கட்சி கட்டுகிறார்.)

ஃபாத்திமா, பாலசந்தரின் ‘கல்கி’யில் (1996) நடித்தார். ஜெயா டி.வி.யில் செய்தி வாசித்தார், சீரியல்கள் செய்தார். 2019ல் பிக்பாஸ் மூன்றாவது சீசனுக்குப் போனார். இரண்டே வாரம். முதல் ஆளாக வெளியே! அந்த வீட்டில் விலைபோவது சண்டையும் அந்தரங்கமும். அவர் கைவசம் இருந்தது, நாம் அத்தனை வருஷம் மெச்சிய நிதானம்தான். அந்த வாரம் நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?