இரண்டு எட்டு கூடுதல்

திருவனந்தபுரத்தில் ஒரு சிறப்புப் பள்ளியின் சிமென்ட் தரை. பதினாறு வயதிருக்கும் பையன் ஒருவன் வலது ஓரத்தில் பந்தை வாங்குகிறான். ஒரு தடவை தட்டுகிறான். பிறகு பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நடக்கிறான். விசில் நடுவரின் உதட்டிலேயே இருக்கிறது, ஊதவில்லை. பையனை மறிக்க எவரும் வரவில்லை, அவனும் எவரையும் ஏமாற்றித் தாண்டவில்லை. நின்று, பக்கத்தில் இருந்தவனிடம் பந்தைக் கொடுத்தான். ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து அதே பையன், அதே நாலு எட்டில் தடுப்பாட்டக்காரனைத் தாண்டிக் கூடைக்குக் கீழே வந்துவிட்டான். உடனே விசில்.

விட்டதும் சரி, ஊதியதும் சரி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் கூடைப்பந்து, சர்வதேச சம்மேளனத்தின் விதிகளையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் டிராவலிங்கில், அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி நடக்கும் தவறில், ஒரு தளர்வு உண்டு: அனுமதித்ததற்கு மேல் இரண்டு எட்டு வைக்கலாம். அந்த இரண்டு எட்டால் புள்ளி கிடைத்தாலோ, தடுப்பிலிருந்து தப்பினாலோ தவறுதான். இதை இரக்கத்தில் எழுதிய விதி என்பவர்கள் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள். எது தடுமாற்றம், எது ஆதாயம் என்று நொடிக்கு நொடி பிரித்துப் பார்க்கவேண்டிய நடுவருக்கு இது சாதாரண மேட்சைவிடக் கடினமான வேலை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடைப்பந்தில் வாய்ப்பைப் பெருக்குவது என்றதும் நம் ஊர்களில் முதலில் நடப்பது தனித்திறன் போட்டி. சுவரில் வரைந்த கட்டத்தைப் பார்த்துப் பந்தை எறிய வேண்டும், பத்து மீட்டர் தட்டிக்கொண்டு போக வேண்டும், குறித்த இடங்களிலிருந்து கூடையில் போட வேண்டும். ஆட்டத்துக்குள் இன்னும் வர முடியாதவர்களுக்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு இது. என் வருத்தமெல்லாம், ஆடத் தெரிந்த பிள்ளைகளையும் அங்கேயே நிறுத்திவைப்பதில்தான். ஒரு கூடை, ஒரு டேப், கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் பதக்கம் கொடுத்து முடித்துவிடலாம். அமைப்பாளருக்கு வசதி. ஆனால் எதிரில் ஆளில்லாமல் கற்ற பந்து தட்டும் வித்தை, எதிரில் ஆள் வந்து நின்றதும் காணாமல் போகிறது.

யூனிஃபைட் ஆட்டம் அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. களத்தில் ஐந்து பேர்; மூவர் அறிவுசார் குறைபாடு உள்ள ஆட்டக்காரர்கள், இருவர் அப்படி இல்லாத கூட்டாளிகள். கூட்டாளி எப்படி ஆடுகிறான் என்பதில்தான் மேட்சின் தரம் இருக்கிறது. நான் சொன்ன தரையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஆடினார்கள். பிள்ளைகளுக்கு இருவருமே 'சேட்டன்', அண்ணன். ஒருவன் ரீபவுண்டை எல்லாம் எடுத்து, தானே ஓடி, தானே போட்டான். புள்ளி ஏறியது, கூட ஆடிய மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள். மற்றவன் தடுப்பாட்டக்காரனுக்கு முன்னால் சுவர்போல் நின்று வழிவிட்டான், பந்தை நெஞ்சு உயரத்தில் கொடுத்தான், தவறினால் திரும்ப எடுத்து மறுபடியும் அவனுக்கே கொடுத்தான். நமது நாலு எட்டுப் பையன் அவனோடு ஆடியபோது எட்டு இரண்டாகக் குறைந்தது. பந்து திரும்பி வரும் என்று தெரிந்தபின் அதை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டியதில்லையே. அணிகளை முதலில் சோதித்துப் பார்த்து, சமபலம் உள்ளவர்களை ஒரே பிரிவில் மோதவிடும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முறையும் சேர்ந்தால் 40-2 மாதிரியான மேட்சுகள் அபூர்வமாகிவிடும்.

மேலே போகும் ஏணி குட்டையானதுதான். 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்றது ஸ்பெயின். 12 பேர் கொண்ட அணியில் 10 பேருக்குக் குறைபாடே கிடையாது! அணியில் ஒருவராக ஆடிய பத்திரிகையாளர் கார்லோஸ் ரிபகோர்டாவே அதை அம்பலப்படுத்தினார். விளைவு, அறிவுசார் குறைபாட்டுப் பிரிவுகள் மொத்தமாக நீக்கப்பட்டன. 2012 லண்டனில் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மட்டும் திரும்பி வந்தன, கூடைப்பந்து வரவில்லை. எவரோ செய்த மோசடிக்கு யாரெல்லாமோ கட்டும் அபராதம். ஆகவே இவர்களுக்குப் பெரிய மேடை ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகப் போட்டிதான். 2023 பெர்லினில் இந்தியா எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 202 பதக்கம் எடுத்தது. அடுத்தது 2027, சிலியின் சாண்டியாகோ.

ஆனால் சாண்டியாகோவுக்கு ஒரு சிலர்தான் போவார்கள். மீதிப்பேருக்கு சனிக்கிழமை மேட்ச் வேண்டும். திருவனந்தபுரத்தில் அதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக உள்ளாட்சிகளும் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயும் நடத்தும் பட்ஸ் பள்ளிகளில் முதலாவது 2004-ல் இந்த மாவட்டத்து வெங்ஙானூரில்தான் தொடங்கியது. காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. கூட்டாளியும் கோச்சும் நடுவரும் அங்கிருந்தே கிடைப்பார்கள். 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான போட்டிகளையும் கேரளா சேர்த்தது. மறு ஆண்டு அக்டோபரில் விழா இந்த ஊருக்கே வந்தது. வருடத்துக்கு ஒரு வாரம் கூடும் விழா, வாராவாரம் நடக்கும் லீக்குக்கு ஈடாகாது. ஆறு அணி, பத்து சனிக்கிழமை, ஒரே கோர்ட்: தொடங்க இது போதும். வண்டிக்கும் மதியச் சோற்றுக்கும் யார் பணம் தருவது என்பதுதான் நிஜமான கேள்வி. அதை விளையாட்டுத் துறையும் சமூக நீதித் துறையும் உட்கார்ந்து பேசட்டும்.

அன்றைய ஆட்டம் 14-12 என்று இருந்தபோது பள்ளி வேன் ஹாரன் அடித்தது. பந்து நாலு எட்டுப் பையன் கையில். அவன் வேனைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், பிறகு கோச்சைப் பார்த்து, "மாஷே, ஒன்னு கூடி (சார், இன்னும் ஒன்று)?" என்றான். டிரைவர் என்ஜினை அணைத்தார்.