ஸ்கூப் (இணையத் தொடர்)

‘ஸ்கூப்’ 2023 ஜூன் 2 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியான இந்தித் தொடர். ஆறு பகுதிகள் கொண்டது. மிருண்மயி லாகுவும் ஹன்சல் மேத்தாவும் இணைந்து உருவாக்கிய இத்தொடரை ஹன்சல் மேத்தா இயக்கினார். வேறெந்த நாளிதழுக்கும் கிடைக்காத செய்தியை முந்தி வெளியிடுவதைப் பத்திரிகையாளர்கள் ‘ஸ்கூப்’ என்பர். அத்தகைய செய்திகளைத் தேடி ஓடிய ஒரு பெண் நிருபர் தாமே செய்தியாகிப் போவதுதான் தொடரின் கரு.

பின்னணி

மும்பை ‘மிட் டே’ நாளிதழில் குற்றச் செய்திகளைக் கவனித்துவந்த மூத்த பத்திரிகையாளர் ஜோதிர்மய் டே, 2011 ஜூன் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிய விவரங்களை நிழலுலகத் தலைவர் சோட்டா ராஜனுக்குக் கொடுத்ததாக, ‘ஏசியன் ஏஜ்’ நிருபர் ஜிக்னா வோரா அவ்வாண்டு நவம்பரில் கைதானார். ‘மோக்கா’ எனப்படும் மகாராஷ்டிரத்தின் கடுமையான குற்றத்தடுப்புச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. பிணை கிடைக்கும் முன் சுமார் ஒன்பது மாதம் சிறையில் இருந்தார். 2018 மே 2 அன்று சிறப்பு நீதிமன்றம் ராஜன் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்து, வோராவை விடுவித்தது. 2019இல் மும்பை உயர் நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தது. அவர் எழுதிய சிறை நினைவு நூலே தொடருக்கு மூலம்.

கதை

தொடரில் வோரா, ஜாக்ருதி பாடக் (கரிஷ்மா தன்னா) ஆகிறார். டே, ஜெய்தேப் சென் (புரோசன்ஜித் சாட்டர்ஜி) ஆகிறார். தாத்தா பாட்டி வீட்டில் மகனுடன் வாழும் ஜாக்ருதிக்கு முதல் பக்கமே குறி. காவல்துறை உயரதிகாரிகளிடம் பழகிச் செய்தி பெறுகிறார்; ராஜனிடம் தொலைபேசியில் பேட்டி எடுக்கிறார். சென் கொலையானதும் அந்தத் தொடர்புகளே அவருக்கு எதிரான சாட்சியங்களாகின்றன.

மதிப்பீடு

‘போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பது தமிழ் வாசகர்களுக்கும் பழகிய தொடர். சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்பதை அது மறைத்துவிடும். ஜாக்ருதியின் வெற்றிகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. அவர் கைதானபின் சக நிருபர்கள் அதே வழியில் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். அவரது நடத்தை வரை பேசப்படுகிறது. சரிபார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. அவரை உயர்த்திய ஏணியே அவரைத் தள்ளிவிடுகிறது. தொடரின் முதன்மையான பலம் இதுதான். ஜாக்ருதியைக் குறையற்றவராக வரையாததால் இந்த வாதம் நம்பும்படி அமைகிறது. அவரது அவசரமும் போட்டிக் குணமும் மறைக்கப்படவில்லை. ஆனால் அவை குற்றங்கள் அல்ல என்பதும் தெளிவாகிறது. அவருக்குத் துணைநிற்கும் ஆசிரியர் இம்ரானாக முகமது சீஷான் அய்யூப் அடக்கமாக நடித்துள்ளார்.

குறைகளும் உண்டு. சிறைக் காட்சிகள் நீண்டு, செய்தி அறையிலிருந்த வேகத்தைக் குறைக்கின்றன. அதைவிடப் பெரிய குறை, கொல்லப்பட்டவரின் பணி பின்னுக்குப் போவது. சென் எதைத் துப்புத் துலக்கினார், அது யாரைச் சுட்டது என்பதற்குத் தொடர் போதிய இடம் தரவில்லை. ஒரு பத்திரிகையாளரின் மானத்தை மீட்கும் கதையில், உயிரையே இழந்த மற்றவர் கதையைத் தொடங்கிவைக்கும் சடலமாகச் சுருங்கிவிடுகிறார்.

2023இல் பூசானில் நடந்த ஆசிய உள்ளடக்க விருது விழாவில் சிறந்த ஆசியத் தொடருக்கான விருது ‘ஸ்கூப்’புக்கும், சிறந்த நடிகைக்கான விருது கரிஷ்மா தன்னாவுக்கும் கிடைத்தன.

இதழியல் மாணவர்களுக்கு இத்தொடர் ஒரு பாடமாகும். கைதுச் செய்தி படத்துடன் முதல் பக்கத்தில் வருகிறது. ஆண்டுகள் கழித்து வரும் விடுதலைச் செய்திக்கு அந்த இடம் கிடைப்பது அரிது. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையில் வோராவுக்கு ஆறரை ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் ஒரு செய்தியாளர் எதை எழுதலாம், எதை எழுதாமல் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை ‘ஸ்கூப்’ அழுத்தமாக எழுப்புகிறது.