தீயோன் கதையின் முடிவு

தீயவனைத் தலைவனாகக் கொண்டு கதை புனைவோனுக்கு முடிவே பெருஞ் சிக்கலாகும். தண்டியாது விட்டால் அறம் எங்கே என்று கேட்பர். தண்டித்தால் அது நீதிபோதனையேயன்றிக் கலையன்று என்பர். கடைசிப் பக்கத்தில் மனந்திருந்தச் செய்தாலோ நம்புவாரில்லை. இச்சிக்கலைச் சேக்ஸ்பியர் தமது 'மக்பெத்' நாடகத்தில் எவ்வாறு தீர்த்தார் என்பது ஆராயத்தக்கது.

அந்நாடகத்துக்கு மூலமாயமைந்தது ஹொலின்செட்டின் வரலாற்று நூல். அதிலே மக்பெத், அரசைக் கவர்ந்தபின் பத்தாண்டுகள் நல்லாட்சி செய்து, அதன் பின்னரே கொடுங்கோலனாகின்றான். அப்பத்தாண்டுகளையும் சேக்ஸ்பியர் நீக்கிவிட்டார். அதனாற் குற்றமும் அதன் பயனும் இடையீடின்றித் தொடர்கின்றன. டங்கனைக் கொன்ற இரவிலேயே மக்பெத் உறக்கத்தை இழக்கின்றான். விருந்திற் பாங்கோவின் ஆவியைக் கண்டு நடுங்குகின்றான். ஈற்றில், மனைவி இறந்தாள் எனக் கேட்டும் அழமாட்டாதவனாகின்றான். முதுமைக்குத் துணையாக வேண்டிய மதிப்பும் அன்பும் நட்பும் தனக்கு இல்லையென்பதைத் தானே உணர்ந்து கூறுகின்றான். ஆகவே, மக்டப்பின் வாள் அவனைத் தீண்டுமுன்னரே தண்டனை நிறைவேறிவிட்டது.

பின்வந்தோர் சிலருக்கு இது போதவில்லை. டவனன்ற் என்பார், 1674 இல் அச்சான தமது திருத்தப் பதிப்பிலே, பேராசையின் வெறுமையைச் சாகுந் தறுவாயில் மக்பெத்தின் வாயினாலேயே சொல்லுவித்தார். 1744 இல் இந்நாடகத்தை மேடையேற்றிய புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக், குற்றவுணர்வும் நரகத்தைப் பற்றிய அச்சமும் நிறைந்த மரணவுரையொன்றை எழுதிச் சேர்த்துத் தாமே நடித்தார். 1623 ஆம் ஆண்டு முதற்றொகுப்பில் அத்தகைய உரை எதுவுமில்லை.

இச்சேர்க்கைகள் அறத்தை வலியுறுத்துவன போலத் தோன்றினும், உண்மையில் அதனை மெலிவிக்கின்றன. அவையோர் தாமே கண்டுணர்ந்ததை மீட்டுஞ் சொல்வதாற் பயனென்ன? நம்பியிருந்த குறிமொழிகள் பொய்த்தபின்னும், பணிந்து பிறர்க்குக் காட்சிப்பொருளாக வாழ மறுத்துக் கேடயத்தை ஏந்துகின்றான் மக்பெத். வீரனாக அறிமுகமானவன் வீரனாகவே மடிகின்றான். இத்துணை ஆற்றல் பாழாயிற்றே என்ற இரக்கமே அவலச்சுவையின் உயிர். புதிய அரசனாகிய மல்கம் அவனைக் கொலைஞன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றான். அது நாட்டின் தீர்ப்பு. அவையோர் அறிந்ததோ அதனினும் மிகுதி.

அவ்வாறாயின், தீயோன் உய்தி பெறுதல் எங்கும் பொருந்தாதோ எனின், பொருந்தும். கந்தபுராணத்திலே வேலாற் பிளவுண்ட சூரபன்மன், சேவலும் மயிலுமாகி முருகனுக்குக் கொடியும் ஊர்தியுமாகின்றான். ஆயினும் அவன் ஈற்றில் வருந்தித் திருந்தியவனல்லன். இறைவனின் பேருருவைக் கண்டபோது தோன்றிய தெளிவும் அவனிடம் நிலைக்கவில்லை. இறுதிவரை போரே புரிந்தான். அம்மாற்றம் மறக்கருணையின் பயன். அருளே அக்காப்பியத்தின் உட்பொருளாதலின், கச்சியப்ப சிவாசாரியர் அமைத்த முடிவு அங்கே இயல்பாகின்றது. அதனை மக்பெத்துக்கு அளித்தால் ஒட்டாது. மக்பெத்தின் முடிவைச் சூரனுக்கு அளித்தாலும் ஒட்டாது.

எனவே, தீயோனை என்ன செய்வது என்னும் வினாவுக்கு விடை கதைக்கு வெளியே இல்லை. இடி விழுந்தோ, காவலர் வந்தோ, கண்ணீர் பெருகியோ கதை முடிவது, அதற்கு முன் எழுதியவை போதாமையைக் காட்டும். கதை எழுதப் புகும் மாணவர், முடிவை எழுதுமுன் தொடக்கத்தை மீட்டும் படித்தல் நன்று.