பெயர்ப் பட்டியலும் நோய்க் கணக்கும்

ஒருவருடைய பெயரைக் கேட்டதும் அவர் எம்மொழியினர், எச்சமயத்தினர் என்று நாம் ஊகித்துவிடுகிறோம். இந்த ஊகத்தைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்து, மக்களின் நோய்களை ஆராய முடியுமா? முடியும் என்று செய்து காட்டினர் பிரிட்டனின் ஆய்வாளர்கள். அம்முறையின் பயன் யாது, எல்லை யாது என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளில் நெடுங்காலம் இறந்தவர் பிறந்த நாடு குறிக்கப்பட்டதே தவிர, அவருடைய இனம் குறிக்கப்படவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இனம் பற்றிய வினா 1991-இல்தான் முதன்முதலாக இடம்பெற்றது. இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ குடியேறியவரைப் பிறந்த நாட்டைக் கொண்டு கண்டுகொள்ளலாம். பிரிட்டனிலேயே பிறந்த அவருடைய பிள்ளைகளை எவ்வாறு கண்டுகொள்வது? ஏட்டில் தென்படாத மக்களின் நோயும் ஏட்டில் தென்படாது. அதைப் போக்க நிதியும் ஒதுக்கப்படாது.

இக்குறையை நீக்கவே பிராட்போர்டு நகரில் 'நாம் பெஹ்சான்' என்னும் கணிப்பொறி நிரல் உருவாயிற்று. பெயரை அடையாளம் காணுதல் என்பது இந்தி, உருது மொழிகளில் இதன் பொருள். 2001-இல் 'சங்ரா' என்னும் மற்றொரு நிரல் வெளியாயிற்று. நோயாளியின் பெயரைத் தெற்காசியப் பெயர்களின் பட்டியலோடு ஒப்பிடுவதே இவற்றின் வேலை. புற்றுநோய்ப் பதிவேடுகள் முதலியவற்றை ஆராய இவை உதவின. மறைந்திருந்தவர்களை வெளிக்கொணர்ந்தது இம்முறையின் சிறப்பு, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கணக்கு எவ்வளவு சரியானது? ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1,00,000 பேர் வாழும் நகரில் 5,000 பேர் தெற்காசியர் எனக் கொள்வோம். நிரல் அவர்களில் 100-க்கு 90 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. மற்றவர்களில் 100-க்கு 2 பேரை மட்டும் தவறாகச் சேர்த்துவிடுகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் சரியாகச் சேர்ந்தவர் 4,500 பேர்; தவறாகச் சேர்ந்தவரோ, எஞ்சிய 95,000 பேரில் 1,900 பேர். பட்டியலில் உள்ள 6,400 பேரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அயலார்! சிறு கூட்டத்தைப் பெருங்கூட்டத்தில் தேடும்போது சிறு பிழையும் இவ்வாறு பெருத்துவிடும்.

தவறுகள் எல்லா மக்கள்மீதும் சமமாக விழுவதுமில்லை. குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்பது இம்முறை பெரிதும் சார்ந்திருக்கும் எண்ணம். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். அயல்நாட்டுப் படிவத்தில் அதுவே குடும்பப் பெயராகிவிட்டால், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். தூத்துக்குடிக் கடற்கரையில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே வந்த பெர்னாண்டோ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. பிலிப்பைன்ஸிலும் அப்பெயர் உண்டு. அதைத் தாங்கிய தமிழரைப் பட்டியல் எப்பக்கம் சேர்க்கும்? மணமானபின் கணவர் பெயரை ஏற்ற பெண்களின் நிலையும் இதுவே.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். இதனினும் பெரிய பிழை வேறொன்று: 'தெற்காசியர்' என்று ஒரே கட்டாகக் கட்டுவது. அவ்வாறு கட்டிய ஆய்வுகள் பல, தெற்காசியரிடம் இதயநோய் மிகுதி என்று கூறி, காரணத்தை உடற்கூற்றிலும் உணவுப் பழக்கத்திலும் தேடின. 1997-இல் ஜேம்ஸ் நாஸ்ரூ வெளியிட்ட ஆய்வு அக்கட்டை அவிழ்த்துப் பார்த்தது. மக்கள் தாமே தெரிவித்த நோய் விவரங்களின்படி, இந்திய வம்சாவளியினருக்கும் வெள்ளையருக்கும் இதயநோயில் பெரும் வேறுபாடில்லை. பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தவருமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். பிரிட்டனில் வறுமை மிகுந்திருந்ததும் இவ்விரு பிரிவினரிடமே. வாழ்க்கைத்தரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அந்த இடைவெளி பெரிதும் குறைந்தது.

உடற்கூற்றுக் காரணங்களே இல்லை என்பது இதன் பொருளன்று. நீரிழிவு தெற்காசியரை எளிதில் தாக்குகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் வீடும் தொழிலும் வருமானமும் கேட்கப்படாத ஆய்வில், வறுமையின் விளைவுகள் அனைத்தும் இனத்தின் இயல்புகளாகத் தோன்றிவிடும். அப்போது தீர்வும் திசைமாறும். ஈரச் சுவருடைய வீட்டில் வாழ்பவருக்கு, "உங்கள் சமையலை மாற்றுங்கள்" என்னும் அறிவுரை மட்டுமே கிடைக்கும்.

எனவே பெயர்வழி ஆய்வை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அதன் இடத்தில் அதை வைக்க வேண்டும். எங்கே நோய் மிகுந்திருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் சுட்டிக்காட்டும். ஏன் மிகுந்திருக்கிறது என்பதை அது கூறாது. அதை அறிய, அந்தப் பெயருக்குரிய மனிதர் எவ்வாறு வாழ்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். 'இன்ன இனத்தாருக்கு இன்ன நோய் மிகுதி' என்னும் செய்தியைப் படிக்கும்போது மாணவர்கள் இரு வினாக்களை எழுப்பட்டும்: இனத்தை எப்படிக் கண்டறிந்தனர்? அவர்களுடைய வாழ்க்கைநிலையைக் கேட்டனரா?