சீமான் வேஷமும் கழைக்கூத்தாடியின் கால்களும்

கோல்ஃப் மைதானத்தில், தாம் வேலை பார்க்கும் பொருட்காட்சி சாலைக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை வாங்கித் தரக்கூடிய வக்கீல் ஒருவரோடு வெகு மரியாதையாக ஆடிக்கொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியாளர், குறி தவறி ஓடிவிட்ட தம் பந்தைத் தேடிக்கொண்டு வருகிறார். வந்து பார்த்தால், முன்பின் அறியாத யுவதி ஒருத்தி அந்தப் பந்தைத் தன்னுடையதாகவே பாவித்து, அவர் மூச்சிரைக்க எடுத்துச் சொல்லும் ஆட்சேபங்களுக்கெல்லாம் போகிற போக்கில் பதில் சொல்லிக்கொண்டே, அதை நிதானமாகக் குழியில் தள்ளிவிடுகிறாள். பந்தின் மேலுள்ள அடையாளத்தைக் காட்டி அவர் தம் உரிமையை ஸ்தாபித்த பிறகும் அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. சற்று நேரத்தில் அவருடைய மோட்டாரிலும் ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னும் இடித்து அதை வெளியே எடுக்கிறாள். அதுவும் தம்முடையது என்று அவர் அலறும்போது, உலகத்தில் உம்முடையதல்லாத பொருள் ஏதாவது உண்டா என்று அவரையே திருப்பிக் கேட்கிறாள். 1938-ஆம் வருஷம் ஹோவர்ட் ஹாக்ஸ் டைரக்ட் செய்து வெளிவந்த 'பிரிங்கிங் அப் பேபி' என்ற படத்தின் ஆரம்பக் கட்டம் இது. ஆராய்ச்சியாளராகக் கேரி கிராண்ட். பந்தைக் கவர்ந்தவளாகக் காதரின் ஹெப்பர்ன்.

விளையாட்டுப் பகுதியில் எழுதுகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது அந்தப் பெண்ணின் கைதான். ஹார்ட்ஃபோர்டு நகரத்து வைத்தியர் ஒருவரின் மகளான ஹெப்பர்ன் சிறு பிராயத்திலிருந்தே கோல்ஃப், டென்னிஸ், நீச்சல் மூன்றிலும் கை தேர்ந்தவர். ஆகையால் அங்கே கோலைப் பிடித்திருப்பது படத்துக்காகக் கற்றுக்கொண்ட பிடியல்ல. பந்தில் ஒரு கண்ணும், பேச்சில் அரைக் கவனமும், எதிரே குதித்துக்கொண்டிருக்கும் மனிதரிடத்தில் கவனமே இல்லாமையும் ஆக அவர் அடிக்கிற அந்த அடியிலே, பரம்பரைச் செல்வம் என்பது எப்படிப்பட்ட மனோநிலை என்று பத்துப் பக்க வியாசம் சொல்லக்கூடியது அத்தனையும் அடங்கியிருக்கிறது. இல்லாதவனுக்கு 'என்னுடையது' என்பது வேலி போட்டுக் காக்க வேண்டிய சொத்து; ஏராளமாக உள்ளவளுக்கோ, கைக்கு எட்டியது எதுவும் தற்சமயம் தன்னுடையது, அவ்வளவே.

இந்த ரகத்துப் படங்களுக்கு அமெரிக்கர்கள் 'ஸ்க்ரூபால்' ஹாஸ்யம் என்று பேர் வைத்தார்கள். பேஸ்பாலில், வழக்கமாக வளைகிற திசைக்கு எதிர்த்திசையில் வளைந்து அடிக்கிறவனை ஏமாற்றும் ஒரு வீச்சுக்கு உரிய பேர் அது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பெல் 1934 ஜூலை 10-ஆம் தேதி, பேப் ரூத், லூ கெரிக் உள்ளிட்ட ஐந்து மகா வீரர்களை வரிசையாக வெளியேற்றிய ஆட்டத்தில் நம்பியிருந்ததும் இந்த வீச்சைத்தான். இந்த ரகத்தைச் சேர்ந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படம் வெளிவந்ததும் அதே வருஷம். 1929-இல் பங்கு மார்க்கெட் சரிந்து, உழைக்கக்கூடியவர்களில் நாலில் ஒரு பங்கினர் வேலையற்றிருந்த காலம் அது. அப்படிப்பட்ட சமயத்தில், சோற்றுக்குத் திண்டாடிய ஜனங்கள் சில்லறைக் காசு கொடுத்துத் தியேட்டருக்குள் நுழைந்து, வேலையென்பதே இன்னதென்று அறியாத கோடீசுவரர்களின் அசட்டுக் கூத்துகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றால், அதற்குப் பொறாமை என்றோ, பகற்கனவு என்றோ பண்டிதர்கள் சொல்லுகிற காரணங்கள் எனக்குப் போதியவையாகத் தோன்றவில்லை. பணத்தினால் எதையும் வாங்கலாம், ஆனால் ஆட்டத் திறமையை வாங்க முடியாது என்ற ஒரு நியதியை வைத்துக்கொண்டு, அந்த நியதிப்படியே கோடீசுவரனைத் தோற்கடித்துக் காட்டின படங்கள் இவை. அத்துடன், அந்த ஆட்டம் மெய்யான ஆட்டமாகவும் இருந்தது.

மெய்யான ஆட்டம் என்று நான் சொல்வது நடிகர்களுடைய தேகப் பயிற்சியை. உடுப்பிலும் நடையிலும் பிரபு வம்சத்தின் உருவமே இதுதான் என்று உலகம் இன்றளவும் நம்புகிற கேரி கிராண்ட், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்த ஆர்ச்சிபால்டு லீச். பள்ளிப் பருவத்திலேயே பாப் பெண்டர் என்பவரின் கூத்துக் கோஷ்டியில் சேர்ந்து, குட்டிக்கரணமும் மரக்கால் நடையும் ஊமைக்கூத்தும் பழகி, 1920-இல் அந்தக் கோஷ்டியோடு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். பிறகு கோனி தீவில் மரக்காலில் ஏறி நடந்து, விளம்பரப் பலகை சுமந்து ஜீவனம் செய்தவர். பார்பரா ஸ்டான்விக்கோ புரூக்ளினில் ரூபி ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, தகப்பனும் விட்டுப் போய், அந்நியர் வீடுகளில் வளர்ந்து, பதினாறு வயதுக்குள் நடனக் கோஷ்டியில் கால் தூக்கி ஆடப் புறப்பட்டவர். கரோல் லொம்பார்டு பயின்றது மாக் செனட்டின் ஹாஸ்யப் படக் கம்பெனியில். முகத்தில் பணியாரம் வாங்குவதும் தண்ணீரில் விழுவதும் அங்கே தினப்படி வேலை. சோம்பேறிச் செல்வர்களைத் திரையில் காட்டுவதற்கு, பசியறிந்து உழைத்த கால்கள் வேண்டியிருந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மேற்சொன்னவர்களுக்குள் வசதியும் கல்லூரிப் படிப்பும் நிரம்பிய குடும்பத்திலிருந்து வந்த ஹெப்பர்னுக்கு, 'பிரிங்கிங் அப் பேபி' படப்பிடிப்பின் ஆரம்பத்தில் ஹாஸ்யம் பிடிபடவில்லை. தாம் வேடிக்கையாக இருக்கிறோம் என்பதைக் காட்டிக்கொண்டே நடித்தார்; அந்த ஆபத்தான வழக்கத்தினால் சிரிப்பு செத்தது. ஹாக்ஸ் என்ன செய்தார்? வாடெவில் கூத்து மேடைகளில் உழன்று பழுத்த வால்ட்டர் காட்லெட் என்ற நடிகரைப் பிடித்து, இந்த அம்மாளுக்குச் சொல்லிக் கொடும் என்றார். சீமாட்டியைப் போலச் சிரிக்க வைக்கச் சீமாட்டிக்கே கூத்தாடி பாடம் சொல்ல வேண்டியிருந்தது. சிஷ்யையும் அகம்பாவமில்லாமல் கற்றுக்கொண்டு, குருவைப் படத்திலேயே வைத்துக்கொள்ளும்படி ஹாக்ஸிடம் சொன்னார். காட்லெட் அதில் கான்ஸ்டபிளாக வருகிறார்.

கற்றுக்கொண்டதன் பலனை உணவு விடுதிக் கட்டத்தில் பார்க்கலாம். ஆலிவ் காயை மேலே எறிந்து வாயில் பிடிக்கும் வித்தையை மதுக்கடைச் சிப்பந்தியிடம் அவள் பயின்றுகொண்டிருக்க, கீழே விழுந்த காயில் வழுக்கி, கிராண்ட் தம் பட்டுத் தொப்பியின் மேலேயே உட்காருகிறார். இந்த விழுகையை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். சாதாரண நடிகன் விழப் போவதை ஒரு கணம் முன்பே அவனுடைய தோள் காட்டிக் கொடுத்துவிடும். கிராண்டின் தோளும் கழுத்தும் கடைசி வரையில் கனவானாகவே இருக்கின்றன. கால்கள் மாத்திரம் துரோகம் செய்கின்றன. பிறகு இவர் அங்கி கிழிந்து, அவள் கவுனின் பின்புறமும் கிழிந்து போக, மானத்தைக் காக்க வேண்டி அவள் முதுகோடு ஒட்டி நின்று, அடிக்கு அடி ஒரே தாளத்தில் கால் வைத்து இருவரும் விடுதியை விட்டு வெளியேறும் நடை இருக்கிறதே, வருஷக் கணக்காகக் கோஷ்டியில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பழகினவனுக்கல்லாமல் வேறெவனுக்கும் அது அவ்வளவு லேசாக வராது.

சீட்டாட்டத்துக்கு வருவோம். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி டைரக்ட் செய்த 'தி லேடி ஈவ்' (1941) தான் இந்த ரகத்தில் தலைசிறந்தது என்பது என் தீர்மானம். மது வகையில் ஒன்றான ஏல் காய்ச்சிப் பெருத்த குடும்பத்தின் வாரிசு (ஏலுக்கும் பீருக்கும் உள்ள பேதத்தை எடுத்துரைக்க அவன் ஒருபோதும் சலிப்பதில்லை), அமேசான் காட்டில் பாம்பு ஆராய்ந்துவிட்டுக் கப்பலில் திரும்புகிறான், ஹென்றி ஃபோண்டா. கப்பலிலுள்ள கன்னியர் அத்தனை பேரும் அவன்மேல் கண் வைத்திருக்க, சீட்டாடி ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட தகப்பனோடு அமர்ந்திருக்கும் ஸ்டான்விக், கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, பின்புறம் நடப்பதையெல்லாம் அதில் பார்த்து, இதோ ஒருத்தி கைக்குட்டையைப் போடுகிறாள், இதோ ஒருத்தி எழுந்திருக்கிறாள் என்று, ரேடியோவில் பந்தய வர்ணனை செய்கிறவரைப் போல, ஆட்டக்காரிகளின் பிழைகளை ஒன்று விடாமல் விவரித்து வருகிறார். வர்ணனை முடிகிற இடத்தில் தாமே ஆட்டத்தில் இறங்குகிறார்: ஃபோண்டா கடந்து போகும் தருணத்தில் ஒரு காலை நீட்டுகிறார், அவ்வளவுதான், அவன் குப்புற விழ, தம் செருப்பின் குதி உடைந்துவிட்டதென்று அவனையே குற்றவாளியாக்கி, செருப்பு மாற்றும் வேலைக்கு அறைக்கு அழைத்துக்கொண்டு போகிறார்.

அதைவிட உயர்ந்தது பின்னால் வரும் சீட்டாட்டக் கட்டம். காதல் வயப்பட்டுவிட்ட மகள், தகப்பனாரின் கைவேலையிலிருந்து அந்த அசட்டுச் செல்வனைக் காப்பாற்றத் தீர்மானிக்கிறாள். தகப்பனாக நடிக்கும் சார்ல்ஸ் கோபர்ன் நல்ல சீட்டுகளைத் தமக்கென்று கள்ளத்தனமாகச் சேர்த்துக்கொள்ள, அதே கள்ளத்தனத்தால் மகள் அவற்றைக் கெடுக்க, மேஜைக்கு மேலே இனிய குடும்பச் சம்பாஷணையும் விரல் நுனிகளில் கடும் யுத்தமும் ஏக காலத்தில் நடக்கின்றன. கோபர்னின் முகத்தில் கோபத்தைக் காட்டிலும், தாம் பயிற்றுவித்த கைகளைக் குறித்த பெருமையே கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். மேஜையில் உள்ள மூவருள் பணம் உள்ளவன் ஒருவன். ஆட்டம் நடப்பதே தெரியாதவனும் அவன் ஒருவனே. ஃபோண்டா அந்த அறியாமையைச் சற்றும் மிகைப்படுத்தாமல், மெய்யான நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பதால்தான் காட்சி நிற்கிறது. பின்னால், அவன் குடும்பத்தின் கனெக்டிகட் மாளிகை விருந்தில் இதே மனிதர் சோபாவில் தடுக்கி, திரைச்சீலையில் சிக்கி, கறித்தட்டை மடியில் வாங்கி, உடுப்பு மாற்றி மாற்றி மறுபடியும் வந்து விழுகிற விழுகைகளில் எனக்கு ஒரே குறை: எண்ணிக்கை ஒன்று அதிகம்.

1934-ஆம் வருஷ மத்தியிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கடுமையாயின. கட்டில் கூடாது, நீடித்த முத்தம் கூடாது என்று ஆனபின், காதலர்கள் தழுவ வேண்டிய இடங்களிலெல்லாம் தடுக்கி விழ வேண்டியதாயிற்று. தணிக்கையாளர்கள் கலைக்குச் செய்த உபகாரங்கள் சொற்பம். இது அவற்றில் ஒன்று.

'மை மேன் காட்ஃப்ரே' (1936) பந்தயத்தோடேயே தொடங்குகிறது. நியூயார்க் தனவந்தர்கள் ஒரு ஹோட்டலில் கூடி, ஒருவருக்கும் வேண்டாத பொருள்களைத் தேடிக் கொணர்பவருக்கே வெற்றி என்று போட்டி வைக்கிறார்கள். ஆட்டுக்குட்டி வருகிறது, குரங்கு வருகிறது. பட்டியலில் மிச்சமிருப்பது, சமூகம் மறந்துபோன ஒரு மனிதன். கிழக்கு நதிக்கரைக் குப்பைமேட்டில் குடியிருக்கும் காட்ஃப்ரேயிடம், போட்டியில் இறங்கிய தனவந்தச் சகோதரிகள் இருவரில் மூத்தவள் ஐந்து டாலர் நீட்டி அழைக்க, அவர் அடிமேல் அடி வைத்து முன்னேறி, அவளைச் சாம்பல் குவியலில் உட்கார வைக்கிறார். இளையவளுக்காகத்தான் ஹோட்டலுக்கு வருகிறார். பரிசை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கூடியிருந்தோரை நன்றாக வைதும் விடுகிறார். வில்லியம் பவல் இந்தக் கட்டத்தில் குரலை உயர்த்துவதில்லை. முகச்சவரம் கண்டிராத, கந்தல் உடுத்திய அந்த மனிதர் ஒருவர்தாம் அந்த மண்டபத்தில் நேராக நிற்கிறார். இளையவளாக லொம்பார்டு, இருவரும் மெய்வாழ்வில் கணவன் மனைவியாயிருந்து 1933-இல் விவாகரத்துச் செய்துகொண்டவர்கள், அப்படியிருந்தும் இந்தப் பாத்திரத்துக்கு அவரே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர் பவல்தான். நடிப்புக்கான நாலு பிரிவுகளிலும் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட முதல் படம் இது. நாலில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தப் படம் கடைசியில் ஆட்ட விதியை மாற்றிவிடுகிறது. குப்பைமேட்டு மனிதர் மெய்யாகவே பாஸ்டன் நகரத்துப் பெரிய குடும்பத்துப் பிள்ளையென்று வெளிப்படுகிறது. இளையவளின் வீட்டில் சிப்பந்தியாக அமர்ந்து, சமையற்கட்டிலிருந்து காலை ஆகாரத் தட்டைச் சுமந்து மாடி ஏறும்போது பவல் காட்டின சிப்பந்தியின் சாமர்த்தியம், குலத்தால் வந்த சாமர்த்தியமாகி, அதன் மதிப்புப் பாதியாகக் குறைந்து போகிறது. டைரக்டர் கிரெகரி லா காவா இதைத் தவிர்த்திருக்கலாம். அதே குற்றத்தை 'ஹாலிடே' (1938) செய்யவில்லை. அங்கே கிராண்ட் சாமானியக் குடும்பத்துப் பிள்ளையாகவே வந்து, ஐந்தாம் அவென்யூ மாளிகையின் குழந்தைகள் அறையில் ஹெப்பர்னைத் தோளில் நிறுத்தி, இருவருமாகக் கரணம் போட்டு உருண்டு, தாம் தாமாகவே இருந்து போகிறார். கீழ்த்தளத்தில் நடக்கிற விருந்தைக் காட்டிலும் அந்தக் கரணத்தில் நாகரிகம் அதிகம்.

நம்மவருக்குப் பழக்கமான கதை என்றால் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'தான். ஏவி.எம். தயாரிப்பில் ராஜ் கபூரும் நர்கீசும் நடித்த 'சோரி சோரி' (1956) அதன் வழி வந்தது, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்த 'சந்திரோதயம்' படத்திலும் அதன் சாயல் உண்டு. ஃபிராங்க் காப்ராவின் மூலப்படத்தில், வீட்டை விட்டு ஓடிவந்த கோடீசுவரன் மகளுக்கு, வேலை போன பத்திரிகைக்காரன் க்ளார்க் கேபிள், டோனட்டைக் காப்பியில் எவ்வளவு நேரம் தோய்க்க வேண்டும் என்று உபதேசிக்கிறான். சாலையில் போகும் வண்டியைக் கட்டை விரலால் நிறுத்தும் மூன்று தினுசுகளையும் விஸ்தாரமாக விளக்கி, மூன்றிலும் தோற்கிறான். கிளாடெட் கோல்பர்ட் வேலியிலிருந்து இறங்கி வந்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் ஒரு கணம் உயர்த்துகிறார். வண்டி கிறீச்சிட்டு நிற்கிறது. அந்த ஒரு சுற்றில் மட்டும் செல்வத்துக்கு வெற்றி. அதுவும் செல்வத்தால் வந்ததல்ல.

முடிவுக் கட்டத்தில், மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்குப் பதினாயிரம் டாலர் என்று அறிவித்திருந்த தகப்பனாரிடம் கேபிள் வந்து, தனக்குச் சேர வேண்டியது 39 டாலர் 60 சென்ட் என்று கணக்கை நீட்டுகிறான். கைச்செலவு 8.60, மேலங்கி 15, பெட்டி 7.50, தொப்பி 4, மூன்று சட்டை 4.50, பெட்ரோல் வாங்குவதற்காக விற்றுத் தொலைத்தவை. அந்த வரிசையைக் கேபிள் எரிச்சலோடு, கடைக்குப் பாக்கி வசூலிக்க வந்த குமாஸ்தாவைப் போல ஒப்பிக்கிறார். காதலின் நிழல்கூடக் குரலில் தென்படாமல் பார்த்துக்கொள்கிறார். தகப்பனாக வரும் வால்ட்டர் கானலி, லட்சங்களைப் புரட்டிப் பழகிய தம் கண்களால் அந்தத் துண்டுக் கணக்கை நிதானமாகப் பரிசீலித்து, பேரம் பேசாமல் செக்குப் புத்தகத்தை எடுக்கிறார்.