நஞ்சும் மருந்தும்

உயிரை அழிக்கும் பொருளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. நஞ்சு, விடம், கடு, ஆலம் எனப் பல பெயர்கள் உண்டு. ஆயினும் வட்டகொடைத் தேயிலை மலைகளில் களையைக் கருக்கும் நஞ்சுக்கு ‘மருந்து’ என்பதே வழக்கு. தெளிக்கச் செல்லும் தொழிலாளி ‘மருந்தடிக்க’ப் போகிறான், அதை உண்டு மாண்டவனையும் ‘மருந்து குடித்தான்’ என்றே சொல்லுகிறார்கள்.

இதனை அறியாமை என்று எள்ளும் பண்டிதரோடு நாம் உடன்படோம். மருந்து என்னும் சொல் பிணி தீர்ப்பதை மட்டும் சுட்டி நின்றதன்று. வெடிமருந்தும் இடுமருந்தும் அதன் கிளைகளே. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து அம்மக்களின் மொழிக்குரிய மதிப்பை நமக்கு உணர்த்தினார். ஆனால் மக்கள் மொழியை மதிப்பது வேறு. அதில் வழங்கும் ஒரு சொல் எவர் நலனுக்குத் துணை போகிறது என்று ஆராயாது விடுவது வேறு.

‘களைக்கொல்லி’ என்னும் ஏட்டுச் சொல்லும் குறையற்றதன்று. களையைக் கொல்வது எனத் தொகையை விரித்தால், சாவது களை மட்டுமே என்றாகிறது. தெளிப்பவனின் உடலுக்கு அச்சொல்லில் இடமில்லை. பரகுவாட் என்னும் களைக்கொல்லி வயிற்றுட் சென்றால் நுரையீரலை அழிக்கும். அதனை முறிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. மருந்தே இல்லாத ஒன்றை அல்லவா மருந்தென்று அழைத்து வந்திருக்கிறோம்!

சொல்லை மாற்றினால் மட்டும் உயிர் பிழைக்குமா என்று கேட்கலாம். நஞ்சை நஞ்செனக் கண்டு சட்டம் செயற்பட்டபோது உயிர்கள் பிழைத்தன. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் பல 1995-இலும், எண்டோசல்பான் 1998-இலும் தடுக்கப்பட்டன. 1995-க்கும் 2005-க்கும் இடையில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. இத்தடைகளை அதற்கு முக்கிய காரணமாக ஆய்வாளர் காண்கின்றனர். பரகுவாட்டும் 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆனால் 2015-இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட், 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஒரு தடையால் போராட்டம் முடிந்துவிடுவதில்லை.

நஞ்சு என்று அறிந்த தொழிலாளி கையுறை கேட்பான், முகக்கவசம் கேட்பான், தெளித்த மலையில் மறுநாளே கொழுந்தெடுக்கத் தன் வீட்டுப் பெண்களை அனுப்பலாமா என்று கேட்பான். மருந்து என்று நம்பியவன் எதைக் கேட்பான்? ஆதலால், மலையகத்து ஆசிரியர்களே, மாணவர்களே, இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்காதீர்கள். வகுப்பறையிலும் சங்கக் கூட்டத்திலும் நஞ்சை நஞ்சென்றே சொல்லுவோம்.