பதினேழு சென்டிமீட்டர் சதுரம்

வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் அளவில் மதர்போர்டின் ஒரு பக்கம் வெறும் 17 சென்டிமீட்டர். பெரும்பாலும் இரண்டு ராம் ஸ்லாட், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றே ஒன்று. பிராசஸருக்கு மின்சாரம் பக்குவப்படுத்தும் சுற்றுகள் மிச்ச இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். அந்த நெருக்கம்தான் அழகு.

இந்தச் சின்ன போர்டில் ஓவர்கிளாக் என்றால் பயாஸில் பிராசஸரின் வேகத்தை ஒரு படி ஏற்றி, தேவைப்பட்டால் மின்னழுத்தத்தைத் துளி கூட்டி, மணிக்கணக்கில் சோதிப்பது. விண்டோஸ் திறந்தாலே வெற்றி என்பதை நான் ஏற்பதில்லை. 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ பிராசஸர், 450-இல் நிலைத்து ஓடியதால்தான் 1998-ஐ இன்னும் கொண்டாடுகிறோம்.

கலவை, ஆற்காடு, வேலூர்ப் பக்கம் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அறையில் ஏறும் சூடு சிப்பிலும் ஏறும். மார்கழியில் தேறிய போர்டை மே மாத மதியத்தில் மறுபடி சோதியுங்கள். பிராசஸருக்கு மின்சாரம் பக்குவப்படுத்தும் அந்தச் சுற்றுகள் பக்கம் சின்ன விசிறி ஒன்றையும் திருப்பி வையுங்கள்.